ரைட் முடிந்தது என்றால் எது முடிந்தது? கோப்பு, சாதனம், சேமிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் கணினி படிக்கிற பிள்ளைகளும், நெல் அரவை ஆலைக்கும் உரக்கடைக்கும் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுக்கிற தம்பி தங்கைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் லினக்ஸை வைத்துத்தான் பேசுகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு: நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்கிற ஒரு அழைப்பு திரும்பி வந்ததும் எதை நம்பலாம், எதை இன்னும் நம்பக் கூடாது என்று இயங்குதளம் பச்சையாகச் சொல்லிவிட வேண்டும், வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் அது எட்டிப் பார்க்கும்.

எடை மேடையும் கோப்பும் ஒன்றா? இரண்டையும் ஒரே ரீட், ரைட் வைத்து ஏன் கையாள வேண்டும்?

ஒன்றில்லை, ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு ஒரே மாதிரித் தெரிந்தால் நிறைய லாபம். ஆலையில் நெல் வண்டி எடை மேடையில் ஏறி நிற்கிறது, கருவி சீரியல் கம்பி வழியாக எண்ணை அனுப்புகிறது, நம் நிரல் அதைப் படித்து அன்றைய பதிவுக் கோப்பில் ஒரு வரி சேர்க்கிறது. லினக்ஸில் அந்தக் கருவியும் டெவ் என்ற டைரக்டரிக்குள் ஒரு பெயராகத்தான் நிற்கும். அதை ஓப்பன் செய்து ரீட் செய்கிறோம், பதிவுக் கோப்பை ஓப்பன் செய்து ரைட் செய்கிறோம், இரண்டுக்கும் கையில் கிடைப்பது ஒரு சின்ன எண், அதாவது ஃபைல் டிஸ்கிரிப்டர். நிரலைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் ஆலைக்கு ஓட வேண்டாம். ஒருநாள் வந்த எடைகளை ஒரு கோப்பில் பிடித்து வைத்துக்கொண்டு, கருவியின் பெயருக்குப் பதிலாக அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாம் ஓடும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960களின் ஐபிஎம் ஓஎஸ்/360ல் கோப்பு என்பது ரெக்கார்டுகளின் தொகுப்பு. ஒரு ரெக்கார்டு எத்தனை பைட், ஒரு பிளாக்குக்குள் எத்தனை ரெக்கார்டு என்றெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அணுகும் முறையும் கோப்பின் வகைக்கேற்ப மாறும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கோப்பு என்றால் பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான் என்றது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974ல் வெளியிட்ட கட்டுரையில், சாதனத்தைக் கோப்பு போல நடத்துவதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். படிப்பதும் எழுதுவதும் இரண்டுக்கும் முடிந்தவரை ஒன்றாகிவிடுகிறது. கோப்பின் பெயரை எதிர்பார்க்கிற நிரலுக்குச் சாதனத்தின் பெயரைக் கொடுக்கலாம். கோப்புக்கு இருக்கிற அதே அனுமதிக் காவல் சாதனத்துக்கும் கிடைக்கிறது. மூன்றாவதை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. யார் எடைக் கருவியைத் தொடலாம் என்பதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமா?

எல்லாம் பைட் வரிசைதான் என்றால் ஐஆக்டில் எதற்கு?

பைட் வரிசைக்குள் அடங்காத வேலைகள் இருப்பதால்தான். சீரியல் கம்பியின் வேகத்தை 9600 என்று வைக்க வேண்டும், டேப்பைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும், டிஸ்க்கின் மொத்த அளவைக் கேட்க வேண்டும். இதில் எதுவும் படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. 1979ல் வந்த ஏழாவது பதிப்பு யூனிக்ஸ், இதற்கெல்லாம் ஐஆக்டில் என்று ஒரே அழைப்பைக் கொடுத்தது: ஒரு கட்டளை எண், கூடவே ஒரு பாயிண்டர், அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி. அந்தப் பாயிண்டர் எதைக் காட்டுகிறது என்பது டிரைவருக்கும் (அந்தச் சாதனத்தை இயக்குகிற மென்பொருள்) நிரலுக்கும் மட்டும் தெரியும். மேலே சொன்ன சோதனையில் "ஏறக்குறைய" என்று நான் இழுத்ததற்குக் காரணமும் இதுதான், கருவி இருந்த இடத்தில் கோப்பைக் கொடுத்தால் வேகம் அமைக்கிற வரி மட்டும் "இது டெர்மினல் இல்லை" என்று பிழை தரும்.

வடிவமைப்பாகப் பார்த்தால் ஐஆக்டில் ஒரு பின்வாசல். உள்ளே என்ன போகிறது என்று கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையத்தின், பொதுப் பகுதிக்குத் தெரியாததால், 32 பிட் நிரல் 64 பிட் கெர்னலில் ஓடும்போது ஒவ்வொரு கட்டளைக்கும் தனியாக மொழிபெயர்ப்பு எழுத வேண்டி வந்தது. சரிபார்ப்பும் ஒவ்வொரு டிரைவர் எழுதியவரின் பொறுப்பாகிவிட்டது. யூனிக்ஸ் பிறந்த அதே பெல் ஆய்வகத்தில் பிறகு வந்த பிளான் 9 இயங்குதளம் ஐஆக்டிலைத் தூக்கியே எறிந்தது. அங்கே சீரியல் போர்ட்டுக்குத் தனித்தனிக் கோப்புகள்: தரவுக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று. கட்டுப்பாட்டுக் கோப்பில் பி9600 என்று எழுத்தாக எழுதினால் வேகம் மாறும். கண்ணால் படிக்கலாம், வேறு கணினியிலிருந்தும் எழுதலாம்.

என் கருத்து: அமைப்பை மாற்றுகிற வேலைகளுக்குப் பிளான் 9 வழிதான் அழகு. அடிக்கடி நடக்கிற வேலைக்கும், பல சாதனங்களுக்குப் பொதுவான வேலைக்கும் தனியாக, வகை தெளிவான ஒரு அழைப்பைக் கொடுங்கள். ஐஆக்டிலில் இருபது டிரைவர்கள் ஒரே வேலையை இருபது எண்ணில் செய்கிறார்கள் என்றால், அந்த வேலை வாசலுக்கு வரவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ரீட் நான் கேட்டதைவிடக் குறைவாகத் தருகிறது. கெர்னலில் பிழையா?

இல்லை, உங்கள் நிரலில் லூப் இல்லை. எடைக் கருவி ஒரு வரியை அனுப்பிக்கொண்டு இருக்கும்போதே ரீட் வந்து கேட்டால், அதுவரை வந்து சேர்ந்ததைக் கொடுத்துவிடும். 12450 என்பதில் 124 மட்டும் வரலாம். அதை அப்படியே எடை என்று எடுத்துக்கொண்டால் விவசாயி வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிடும். வரி முடியும் குறி வரும்வரை சேர்த்துக்கொண்டே இருங்கள். சாதாரணக் கோப்பிலும் முடிவுக்குப் பக்கத்தில் குறைவாக வரும், 0 வந்தால் முடிந்தது என்று அர்த்தம். ரைட்டுக்கும் இதே கதைதான். டிஸ்க்கில் இடம் பாதியில் தீர்ந்தால் முதல் ரைட் எழுத முடிந்த பைட் எண்ணிக்கையைத் தரும், அடுத்த ரைட்தான் "இடம் இல்லை" என்று சொல்லும். லினக்ஸில் ஒரே அழைப்பில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் எழுதவே முடியாது, நீங்கள் எவ்வளவு கேட்டாலும் சரி.

எரிச்சலாக இருக்கலாம், ஆனால் இது நல்ல வடிவமைப்பு. "ஆயிற்று, ஆகவில்லை" என்று இரண்டே பதில் சொல்கிற இடைமுகத்தில், பாதி ஆனதைச் சொல்ல வழியே இல்லை. எண்ணிக்கையைத் திருப்பித் தருவதால் எதுவரை வந்தோம் என்ற உண்மை நம் கைக்கு வருகிறது.

ரைட் வெற்றி என்று சொன்னது. மின்சாரம் போய் வந்ததும் கோப்பில் அந்த வரி இல்லை. எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் கடைமடைக்காரர் அன்றைக்கே நடவுக்கு ஆள் சொல்லிவிட மாட்டார். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்காலில் இறங்கித் தன் வயல் மடைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ரைட் வெற்றி என்பது மேட்டூர்ச் செய்தி. உங்கள் பைட்டுகள் கெர்னலின் நினைவகத்துக்கு, பேஜ் கேச் என்கிற இடத்துக்கு, நகலெடுக்கப்பட்டுவிட்டன. அதற்கு மேல் எதுவும் நடந்ததாகச் சொல்லப்படவில்லை. லினக்ஸின் இயல்பான அமைப்பில், மாறிய பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்புகிற வேலை 5 விநாடிக்கு ஒருமுறை கண் விழிக்கும், 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றைத் தள்ளிவிடும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் தரவும் போகும். அது தள்ளிவிட்ட பிறகும் முடியவில்லை, டிஸ்க்குக்கு உள்ளேயே ஒரு கேச் இருக்கிறது. வந்துவிட்டது என்று டிஸ்க் சொன்னாலும் அது காந்தத் தட்டிலோ ஃபிளாஷ் சில்லிலோ போய் உட்காராமல் இருக்கலாம்.

கடைமடை வரை போய்ச் சேர்ந்தது என்ற உறுதி வேண்டுமென்றால் எஃப்சிங்க் என்ற அழைப்பைக் கூப்பிட வேண்டும். அது அந்தக் கோப்பின் மாறிய பக்கங்களை எல்லாம் டிஸ்க்குக்கு அனுப்பி, டிஸ்க்கின் உள் கேச்சையும் காலி செய்யச் சொல்லி, பதில் வந்த பிறகே திரும்பும். லினக்ஸில் அப்படி. மேக்கில் அதே பெயருள்ள அழைப்பு டிஸ்க்கின் உள் கேச்சைக் காலி செய்யச் சொல்லாது, அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒரே பெயர், இரண்டு வேறு வாக்குறுதிகள். இப்படிச் செய்வது எனக்குப் பிடிப்பதே இல்லை, பெயரை நம்பி எழுதியவர் என்ன பாவம் செய்தார்?

நம் ஊர் ஆட்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே மின்சாரம் சொல்லாமல் போகும் என்று வைத்துக்கொண்டு நிரல் எழுதுங்கள்.

அப்படியானால் ஒவ்வொரு ரைட்டுக்குப் பிறகும் எஃப்சிங்க் போட்டுவிடலாமா?

எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு எஃப்சிங்க்கும் ஒன்றோ இரண்டோ சுற்று காத்திருந்தால் விநாடிக்கு நூறைத் தாண்டுவதே கஷ்டம். எடைச் சீட்டு விஷயத்தில் இது ஒரு பொருட்டே இல்லை, வண்டி இறங்கி அடுத்த வண்டி ஏறுவதற்குள் நூறு எஃப்சிங்க் போடலாம். சீட்டு அச்சாகி விவசாயி கைக்குப் போவதற்கு முன் எஃப்சிங்க் முடிந்திருக்க வேண்டும், அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வாய்க்கால் நீர்மட்டத்தை விநாடிக்குப் பலமுறை அளக்கிற சென்சார் என்றால் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரே எஃப்சிங்க்காகப் போடலாம், ஒரு நிமிட அளவு போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கோப்பு மாறிய நேரம் போன்ற விவரங்கள் உடனே பதியத் தேவையில்லை என்றால் எஃப்டேட்டாசிங்க் இன்னும் மலிவு.

எஃப்சிங்க் தோற்றால் திரும்பக் கூப்பிடலாம்தானே?

கூடாது. 2018ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்கள் இதைக் கண்டுபிடித்து அதிர்ந்து போனார்கள். டிஸ்க்கில் எழுதும்போது பிழை வந்தால், கெர்னல் அந்தப் பக்கத்தை "சுத்தம்" என்று குறித்துவிடும், பிழையை ஒருமுறை சொல்லும். இரண்டாவது எஃப்சிங்க், எழுத வேண்டியது எதுவும் இல்லையே என்று வெற்றியோடு திரும்பும், தரவு டிஸ்க்குக்குப் போகாமலே. இன்னும் மோசம், அந்த ஒருமுறைப் பிழையை வேறு யாராவது வாங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சொல்லப்படாமலே போகலாம். லினக்ஸ் 4.13 முதல், கோப்பைத் திறந்து வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் பிழை தெரிவிக்கப்படுகிறது, ஆனாலும் தோற்ற பக்கம் திரும்ப எழுதப்படும் என்று உறுதி கிடையாது. 2019ல் போஸ்ட்கிரெஸ் எடுத்த முடிவு: எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்றுவிடு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைத்த லாக் கோப்பிலிருந்து மீட்டெடு.

பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினால் அந்தப் பக்கங்களை என்றைக்கும் எழுத முடியாது, நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் நினைவகம் நிரம்பும் என்பது கெர்னல்காரர்கள் பக்க நியாயம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தப் பகுதி தோற்றது என்று கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்க வேண்டும். பிழையைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற இடைமுகம், கணக்கு எழுதிவிட்டுப் பேரேட்டைக் கிழித்தது மாதிரியான வேலையைத்தான் செய்கிறது.

ஒரு கோப்பை முழுதாக மாற்றி எழுத வேண்டும், நடுவில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று உருப்படியாக இருக்க வேண்டும். எப்படி?

புதிய தற்காலிகக் கோப்பை அதே டைரக்டரியில் எழுதுங்கள், அதற்கு எஃப்சிங்க் போடுங்கள், பிறகு ரீநேம் செய்து பழைய பெயரின் மேல் வையுங்கள், கடைசியில் அந்த டைரக்டரியையே ஓப்பன் செய்து அதற்கும் ஒரு எஃப்சிங்க். கடைசிப் படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், பெயர் மாறியது டைரக்டரியில் இருக்கிற தகவல் என்பதை மறந்து.

முதல் எஃப்சிங்க்கை விட்டதால் வந்த வினை 2009ல் பெரிதாக வெடித்தது. எக்ஸ்ட்3க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பு பரவத் தொடங்கிய நேரம், அது தரவுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப் போடும். ரீநேம் டிஸ்க்குக்குப் போய்விடும், தரவு போகாது. கணினி நின்று திரும்ப எழுந்தால் 0 பைட் கோப்பு. கெர்னல்காரர்கள் "போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொதுத் தரநிலை) இதை உறுதி சொல்லவில்லை" என்றார்கள், நிரல்காரர்கள் "எக்ஸ்ட்3ல் இத்தனை வருஷம் ஓடியதே" என்றார்கள். கடைசியில் எக்ஸ்ட்4ஐப் பராமரித்த டெட் சோ, பழைய கோப்பின் மேல் ரீநேம் செய்தால் தரவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மாதிரி எக்ஸ்ட்4ஐ மாற்றினார்.

இதில் நான் பார்க்கிற உண்மையான குறை வேறு. நிரல்காரர்கள் கேட்டது வரிசை: தரவு முன்னே, பெயர் பின்னே, எப்போது போனாலும் பரவாயில்லை. இடைமுகத்தில் இருந்ததோ "இப்போதே எழுது, முடியும்வரை நான் நிற்கிறேன்" என்பது மட்டும். மலிவான தேவைக்கு விலை உயர்ந்த கருவி மட்டும் இருந்தால் ஆட்கள் அதை வாங்காமல்தான் போவார்கள். புதிதாக வடிவமைப்பவர்கள் வரிசையையும் நிலைப்பையும் தனித்தனியாகக் கேட்க வழி வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

க்ளோஸ் பிழை தருமா? அதைப் பார்க்க வேண்டுமா?

தரும், பாருங்கள். நெட்வொர்க் கோப்பு அமைப்பில் இடம் தீர்ந்தது க்ளோஸில்தான் தெரிய வரலாம். ஆனால் லினக்ஸில் க்ளோஸ் பிழை தந்தாலும் திரும்பக் கூப்பிடாதீர்கள். அந்த எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருக்கும், உங்கள் நிரலுக்குள் கூடவே ஓடுகிற வேறு திரெட் அதே எண்ணில் வேறு கோப்பைத் திறந்திருந்தால் அதை மூடிவிடுவீர்கள்.

எல்சீக் செய்து ரீட் செய்வதற்கும் பி-ரீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

"இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம்" என்ற எண்ணைக் கெர்னல் வைத்திருப்பது தனியாக ஓடுகிற நிரலுக்கு வசதி; எல்சீக் அந்த எண்ணை நகர்த்தும், ரீட் அங்கிருந்து படிக்கும். இரண்டு திரெட்கள் ஒரே டிஸ்கிரிப்டரைப் பிடித்திருந்தால், ஒன்று எல்சீக் செய்துவிட்டு ரீட் செய்வதற்குள் இன்னொன்று நகர்த்திவிடும். ஃபோர்க் செய்த (நகலாகப் பிரிந்து ஓடுகிற) குழந்தைப் பிராசஸும் அதே எண்ணைத்தான் பகிர்கிறது. பி-ரீட், பி-ரைட் இரண்டும் எந்த இடம் என்பதை அழைப்பிலேயே வாங்கிக்கொள்வதால் இந்தச் சண்டையே இல்லை. நான் புதிதாக வடிவமைத்தால் டிஸ்க் போன்றவற்றுக்கு இடத்தை எப்போதும் வெளிப்படையாகக் கேட்பேன், சீரியல் கம்பி, பைப் போன்றவற்றுக்கு இடம் என்ற பேச்சே இருக்காது. பல பிராசஸ்கள் ஒரே பதிவுக் கோப்பின் கடைசியில் வரி சேர்த்தால் ஓ_அப்பெண்ட் கொடியோடு திறங்கள் (கொடி என்றால் ஓப்பனின் நடத்தையை மாற்றுகிற குறி, இது ஒவ்வொரு ரைட்டையும் கோப்பின் கடைசியில் சேர்க்கச் சொல்லும்).

இந்த இட எண்ணின் அகலமும் ஒரு பாடம். பழைய யூனிக்ஸில் சீக் 16 பிட் எண்ணைத்தான் வாங்கும், தொலைவுக்குப் போக 512 பைட் பிளாக் கணக்கில் சொல்ல வேண்டும். ஏழாவது பதிப்பில் 32 பிட் எல்சீக் வந்தது. குறியுள்ள 32 பிட் என்றால் 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 1990களில் அதுவும் போதாமல், 64 பிட்டுக்குத் தனி அழைப்புகள், தனி வகைகள் என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் போன்ற ஒரு சுவடித் தொகுப்பை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்தால் 2 ஜிபி எந்த மூலைக்கு?

கோப்பை எம்மேப் செய்து நினைவகம் போலவே தொட்டால் ரீட், ரைட் தொல்லையே இல்லையே?

பிழை வரும்வரை இல்லை. கோப்பை நினைவகத்தில் பொருத்திவிட்டால் டிஸ்க் பிழை ஒரு சிக்னலாக வந்து நிரலைக் கொன்றுவிடும், எந்த வரியில் என்ன செய்வது என்று யோசிக்க இடமே கிடைக்காது. வேறு ஒருவர் கோப்பைச் சுருக்கினாலும் அதேதான். படிக்க மட்டும், மாறாத கோப்புக்கு என்றால் அருமையான வசதி. ஆலைக் கணக்குக்கு வேண்டாம்.

காத்து நிற்காமல் படிக்க, எழுத உதவும் ஐஓ யூரிங் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, தேவையா?

உங்கள் உரக்கடை மென்பொருளுக்குத் தேவையில்லை. ஆனால் வடிவமைப்பாகப் படிக்க வேண்டியது. ரீட் கூப்பிட்டால் முடியும்வரை நிற்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. நிற்காமல் செய்ய லினக்ஸில் முன்பே ஒரு வழி இருந்தது, ஆனால் ஓ_டைரக்ட் கொடி வைத்துப் பேஜ் கேச்சைத் தாண்டினால்தான் அது உண்மையிலேயே நிற்காமல் வேலை செய்யும், மற்ற நேரத்தில் சத்தமில்லாமல் வேலை முடியும்வரை காத்து நின்றுவிடும். "நிற்க மாட்டேன்" என்று பெயர் வைத்துக்கொண்டு நிற்பது நம்பிக்கைத் துரோகம்.

ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஐஓ யூரிங் 2019ல், லினக்ஸ் 5.1ல் வந்தது. நிரலும் கெர்னலும் பகிர்கிற நினைவகத்தில் இரண்டு வளைய வரிசைகள்: ஒன்றில் வேலைகளைப் போடுகிறோம், இன்னொன்றில் முடிவுகளை எடுக்கிறோம். நூறு வேலையை ஒரே அழைப்பில் கொடுக்கலாம், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியும் போடலாம். ரைட்டையும் எஃப்சிங்க்கையும் அப்படிக் கோர்க்கலாம். அதே சமயம் இவ்வளவு பெரிய புது வாசல் என்றால் திருடர்களும் வருவார்கள்; அதில் பாதுகாப்பு ஓட்டைகள் தொடர்ந்து வந்ததால் 2023ல் கூகுள் குரோம்ஓஎஸ்ஸில் அதை அணைத்தது, ஆண்ட்ராய்டில் செயலிகள் தொட முடியாதபடி செய்தது.

டிஸ்க்கையே நேராகத் திறந்து எழுதலாமா?

ரூட் (கணினியின் முழு அதிகாரம்) அனுமதி இருந்தால் முடியும், அதுதான் பயம். பைட்டுகளை அப்படியே நகலெடுக்கிற டிடி கட்டளையில் ஓர் எழுத்து மாறி, பென் டிரைவுக்குப் பதில் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டு அழுதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாதனமும் கோப்பும் ஒரே மாதிரி என்ற அழகின் மறுபக்கம் இது. லினக்ஸில் டிஸ்க் போன்ற பிளாக் சாதனத்தை ஓ_எக்ஸ்க்ல் கொடியோடு திறந்தால், அது மவுண்ட் ஆகி, அதாவது கோப்பு அமைப்பாக இணைக்கப்பட்டு, இருக்கும்போது "உபயோகத்தில் இருக்கிறது" என்று மறுத்துவிடும். அழிக்கிற வேலை செய்யும் கருவி எதை எழுதினாலும் இதை மறக்காதீர்கள். என்னைக் கேட்டால் மறுப்பதே இயல்பாக இருந்து, மீறுவதற்குத்தான் கொடி வைத்திருக்க வேண்டும்.

பென் டிரைவை அப்படியே பிடுங்கலாமா?

விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு முதல் வெளிச் சாதனங்களுக்கு "விரைவாக எடுத்தல்" இயல்பான அமைப்பு, அதனால் அங்கே பெரும்பாலும் தப்பிக்கலாம். லினக்ஸில் நகலெடுப்பு முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் நினைவகத்தில் நிறைய மிச்சம் இருக்கும், அன்மவுண்ட் செய்துவிட்டு எடுங்கள்.

ஒரு கோப்பை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் தடுக்கிற கோப்புப் பூட்டுகளை நம்பலாமா?

போசிக்ஸ் பூட்டில் ஒரு பயங்கரமான விதி இருக்கிறது. ஒரு பிராசஸ் ஒரே கோப்பை இரண்டு தடவை திறந்து, அதில் எதையாவது ஒன்றை மூடினால், அந்தக் கோப்பின் மேல் அது வைத்திருந்த பூட்டுகள் எல்லாமே போய்விடும். நீங்கள் பயன்படுத்துகிற ஏதோ ஒரு லைப்ரரி சும்மா திறந்து மூடினாலே போதும். 2014ல் லினக்ஸ் 3.15, திறப்போடு ஒட்டிய பூட்டுகளைக் கொண்டுவந்தது, அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் இதில் வேறு பாதை: திறக்கும்போதே மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று சொல்லிவிட வேண்டும். திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியவில்லை என்று நாம் திட்டுவது இதனால்தான், ஆனால் யாருக்கு என்ன அனுமதி என்று முதலிலேயே சொல்ல வைப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

கல்லூரி புராஜெக்டுக்கு எக்ஸ்வி6ல் சேமிப்பு அழைப்பு ஒன்று சேர்க்கப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல தேர்வு. எம்ஐடியின் அந்தக் கற்பிக்கும் இயங்குதளத்தில் கோப்பு, பைப், சாதனம் மூன்றும் ஒரே ஸ்ட்ரக்டில் வகை எண்ணால் பிரிவதை ஒரே மாலையில் படித்துவிடலாம். அதில் எல்சீக் கிடையாது, ஆகவே பி-ரீட் சேருங்கள் என்பேன். பைப்புக்கும் கன்சோலுக்கும் அது என்ன பதில் தர வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நிரலைவிட அந்த முடிவுதான் புராஜெக்ட்.

அப்புறம், கொடிகள். ஓப்பன் அழைப்பு தனக்குத் தெரியாத கொடிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இதனால் பிற்காலத்தில் புதுக் கொடி சேர்த்தபோது, பழைய கெர்னல் அதைப் புரிந்துகொண்டதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியவில்லை. 2020ல் லினக்ஸ் 5.6ல் வந்த ஓப்பன்அட்2 தெரியாத கொடி வந்தால் பிழை தருகிறது, ஸ்ட்ரக்டின் அளவையும் கூடவே வாங்கிக்கொள்கிறது, அதனால் நாளைக்கு வளர இடம் இருக்கிறது. உங்கள் அழைப்பும் முதல் நாளிலிருந்தே தெரியாததை மறுக்கட்டும்.

ஒவ்வொரு பிழைக்கும் "கூப்பிட்டவர் இப்போது என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பிழை எண்ணால் யாருக்கும் பயனில்லை.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

இடம் தீர்ந்த நிலையைச் சோதிக்க டிஸ்க்கை நிரப்ப வேண்டாம். லினக்ஸில் டெவ் டைரக்டரிக்குள் ஃபுல் என்று ஒரு சாதனம் இருக்கிறது, அதில் எழுதும் ஒவ்வொரு ரைட்டும் "இடம் இல்லை" என்று தோற்கும். பதிவுக் கோப்பின் பெயருக்குப் பதில் அதைக் கொடுத்துவிட்டு, உங்கள் நிரல் சீட்டு அச்சடிக்கிறதா என்று பாருங்கள். அச்சடித்தால் திருத்த வேண்டும். எஸ்டிரேஸ் கருவி வைத்து நிரல் எந்த அழைப்பை எந்த வரிசையில் போடுகிறது என்று பார்க்கலாம், எஃப்சிங்க் சீட்டுக்கு முன்னா பின்னா என்பது அதிலேயே தெரிந்துவிடும். லினக்ஸில் கற்பனை டிஸ்க்குகளை உருவாக்க உதவும் டிவைஸ் மேப்பரின் ஃபிளேக்கி வகையை வைத்து, சில விநாடி ஒழுங்காகவும் சில விநாடி பிழையோடும் ஓடுகிற டிஸ்க்கை உருவாக்கலாம். கடைசியாக, பழைய கணினி ஒன்றில் எண்களை வரிசையாக எழுதவிட்டு, எஃப்சிங்க் முடிந்த ஒவ்வொரு எண்ணையும் நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்புங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஏற்றியதும், இன்னொரு கணினியில் இருக்கிற கடைசி எண் வரைக்கும் டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரலையோ டிஸ்க்கையோ மாற்றாமல் ஆலையில் வைக்காதீர்கள்.